கேம்பர்லி என்ற ஊரின் பெயரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக் அவர்களின் பிறந்தநாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அவர் சிலைக்கு மாலை அணிவிப்பதையும், தேனி மாவட்டக் கிராமங்களில் அவர் படத்தை முன்வைத்துப் பொங்கலிடுவதையும் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் படத்துடன் வெளியிட்டு வருகிறது. பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவன் என்ற முறையில் அதற்கு என் நன்றியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செய்திகளில் ஒரு பிழை ஆண்டுக்காண்டு தொடர்ந்து வருகிறது. "லண்டனில் உள்ள கல்லறை" என்றும் "லண்டனில் நிறுவப்பட்ட சிலை" என்றும் எழுதுகிறீர்கள். பிற ஏடுகளும் அப்படியே எழுதுகின்றன. மேடைகளிலும் அப்படியே பேசுகிறார்கள்.

தமிழ்நாடு அரசின் சார்பில் 2022 செப்டம்பரில் அவருக்குச் சிலை திறக்கப்பட்ட ஊரின் பெயர் கேம்பர்லி. அவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்து உயிர் நீத்த ஊரும் அதுவே. அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பது அதை அடுத்துள்ள ஃபிரிம்லியில், தூய பேதுரு ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். இரண்டு ஊர்களும் சர்ரே என்ற மாவட்டத்தைச் சேர்ந்தவை. லண்டனிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவை. மதுரைக்கும் மேலூருக்கும் உள்ள தொலைவைவிட இது அதிகம். மேலூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மதுரையில் நடந்ததாக யாராவது எழுதிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்கே தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிடுவார்கள். கேம்பர்லிக்காக அப்படிப் பேச இங்கே யாரும் இல்லை என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதைப் பெரிதுபடுத்துவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். மதுரையில் ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் அஞ்சல் பிரிவில் கடிதம் பிரிக்கும் வேலையில் 30 ஆண்டுகளுக்கும் மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முகவரியில் ஊர்ப்பெயர் தவறினால் என்ன ஆகும் என்பது என் கைக்குத் தெரியும். மதுரை மாவட்டத்தில் ஒரு பேரையூர் இருக்கிறது; கமுதிப் பக்கம் ஒரு பேரையூர் இருக்கிறது; புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு பேரையூர் இருக்கிறது. 1972-இல் பின்கோடு வந்த பிறகும் பல ஆண்டுகள் மக்கள் அதை எழுதும் பழக்கத்துக்கு வரவில்லை. ஒருநாள் இரவு, பெயரும் தெருவும் பேரையூர் என்ற ஒற்றைச் சொல்லும் மட்டுமே எழுதிய நீள உறை ஒன்று என் கைக்கு வந்தது. அது ஏற்கெனவே இரண்டு பேரையூர்களுக்குப் போய் வந்திருந்தது. முன்பக்கத்தில் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுத்திருந்தன; ஓரத்தில் ஒரு தபால்காரர் பென்சிலால் "இவ்வூரில் இப்பெயரில் ஆள் இல்லை" என்று எழுதியிருந்தார். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் அது என்பது உறையின் மேல் அச்சிட்டிருந்த வாசகத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது பேரையூருக்கான அறையில் அதை வைத்துவிட்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு அது உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று இன்றும் எனக்கு நினைவு வருவதுண்டு.

ஓய்வுக்குப் பிறகு, பென்னிகுவிக் அவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, கேம்பர்லி என்ற பெயரே தபால் குழப்பத்தால் பிறந்தது என்று அறிந்தேன். என்னைப் போன்ற ஒருவனுக்கு அதைவிட நெருக்கமான செய்தி இருக்க முடியாது. அந்த ஊரின் முதல் பெயர் கேம்பிரிட்ஜ் டவுன். விக்டோரியா மகாராணியின் ஒன்றுவிட்ட சகோதரரும், 1856 முதல் 1895 வரை பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவருமான கேம்பிரிட்ஜ் கோமகனின் பெயரால் அது அமைந்தது. ஆனால் புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரமான கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டிய கடிதங்கள் இங்கும், இங்கே வர வேண்டியவை அங்கும் போய் அலைந்தன. அதனால் 1877-இல் ஊரின் பெயரையே கேம்பர்லி என்று மாற்றினார்கள். தபால் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்ட ஊரை நாம் இன்னொரு நகரத்தின் பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்தப் பகுதி மணற்பாங்கான புதர்க்காடு. 1812-இல் ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி அங்கே இடம் மாறி வந்தது. பிறகு படைத்தலைமைப் பணிகளுக்கு அதிகாரிகளைத் தயார் செய்யும் ஸ்டாஃப் காலேஜுக்கு அதே வளாகத்தில் 1862 வாக்கில் தனிக் கட்டடம் எழுந்தது. அந்தக் கல்லூரிகளின் வாசலில் கடைகளும் வீடுகளுமாக வளர்ந்ததே இந்த ஊர். இந்தியாவில் பணி முடித்துத் திரும்பிய அதிகாரிகள் பலர் ஓய்வுக்காலத்தில் அங்கே போய்த் தங்கினார்கள்.

1812-இல் அங்கே வந்த அந்த முதல் கல்லூரியின் முகவரியும் நம் கவனத்துக்கு உரியது. உலகம் அதைச் சாண்ட்ஹர்ஸ்ட் என்று அழைக்கிறது. பக்கத்து ஊரின் பெயர் அது. ஆனால் கல்லூரியின் தபால் முகவரியில் இன்றுவரை இருப்பது கேம்பர்லிதான். ஆகவே சாண்ட்ஹர்ஸ்டில் படித்தவர்கள் என்று நாம் படிக்கும் பெயர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து கடிதம் போனது கேம்பர்லி வழியாகத்தான் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் மூன்றாவது முயற்சியில் தேர்வு பெற்று 1893-இல் அங்கே சேர்ந்தார். முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், ஆண்டுக்கு 10 இடங்கள் இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அந்த வாசல் வழியாக உள்ளே போனவர்களில் ஒருவர் குடகைச் சேர்ந்த திம்மையா. 1926-இல் அதிகாரியாகி, விடுதலைக்குப் பின் 1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர், 1965-இல் சைப்ரஸ் தீவில் ஐக்கிய நாடுகள் படைக்குத் தலைமை ஏற்றிருந்தபோது காலமானவர். பிற்காலத்தில் பாகிஸ்தான் அதிபரான அயூப் கானும் அங்கே பயின்றவர்தான். நம்மை அடிமைப்படுத்திய படைக்கு அதிகாரிகளை உருவாக்கிய இடம் அது என்பதை நான் மறைக்கவில்லை. அதே இடம் நம் நாட்டுப் படைக்கும் தலைவர்களைப் பயிற்றுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்டாஃப் காலேஜில் படித்தவர்கள் பட்டியல் நீளமானது. முதல் உலகப் போரின் தளபதிகளான ஹெய்க்கும் ஆலன்பியும் ஒரே காலத்தில் அங்கே மாணவர்கள். மாண்ட்கோமரி மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தார். இவர்களைப் பற்றி நூலகங்களில் போதுமான அளவு படிக்கலாம் என்பதால் நான் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் வில்லியம் ராபர்ட்சன். லிங்கன்ஷயர் கிராமம் ஒன்றில் தையற்காரரின் மகன். சிறு வயதில் பெரிய வீடுகளில் பணியாளாக இருந்து, 1877-இல் குதிரைப்படையில் சாதாரண வீரனாகச் சேர்ந்தார். கேம்பர்லி தன் பெயரைப் பெற்ற அதே ஆண்டு. மகன் படைவீரனின் சிவப்புச் சட்டை போடுவதைக் காண்பதைவிட அவனைப் புதைப்பது மேல் என்று அவருடைய தாய் மனம் நொந்து எழுதினாராம். அதிகாரியாக உயர்ந்து இந்தியாவில் பணியாற்றியபோது நம் நாட்டு மொழிகள் பலவற்றைக் கற்றுத் தேர்வு எழுதித் தேறினார். சாதாரண வீரனாகத் தொடங்கி ஸ்டாஃப் காலேஜுக்குள் மாணவராக நுழைந்த முதல் மனிதர் அவரே. 1910-இல் அந்தக் கல்லூரிக்கே தலைவரானார். 1920-இல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அடிமட்ட வீரனிலிருந்து அந்தப் பதவிவரை எல்லாப் படிகளையும் ஏறியவர் பிரிட்டிஷ் தரைப்படையில் அவர் ஒருவரே. பென்னிகுவிக் கேம்பர்லியில் காலமானபோது ராபர்ட்சன்தான் அங்கே கல்லூரித் தலைவர்.

மற்றவர் வில்லியம் ஸ்லிம். 1930-களில் அங்கே ஆசிரியராக இருந்தவர். மேலூர், திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம் இந்தப் பெயர் தெரியாமல் போனாலும் அவர் நடத்திய போர் தெரியாத குடும்பம் குறைவு. 1942-இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது பின்வாங்கிய படைக்குத் தலைமை ஏற்றிருந்தவரும், பிறகு 14-ஆவது படையைத் திரட்டிக்கொண்டு திரும்பிப் போய் அதே பர்மாவை மீட்டவரும் அவர்தான். அந்தப் பின்வாங்கலின்போது காடு மலை கடந்து நடந்தே வந்த தமிழர்களில் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர் வீட்டைச் சாகும்வரை "பர்மாக்காரர் வீடு" என்றே சொன்னோம். வரும் வழியில் ஒரு குழந்தையை இழந்ததை அவர் மனைவி எப்போதாவது வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்வார். தொடங்கியதை முடிக்க மாட்டார்.

இவர்கள் எல்லோரும் படைத்துறையினர். ஆனால் அந்தச் சிறிய ஊருக்கு இசையும் உண்டு. ஆர்தர் சல்லிவன் 1842-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை தாமஸ் சல்லிவன் 1845 முதல் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவர். அந்த வாத்தியக்காரர்களிடையே ஓடியாடி வளர்ந்த சிறுவன் எட்டு வயதுக்குள் குழுவில் இருந்த எல்லாக் காற்று வாத்தியங்களையும் வாசிக்கக் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் கில்பர்ட் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து அவர் படைத்த நகைச்சுவை இசை நாடகங்கள் இன்றும் மேடையேறுகின்றன. மதுரையில் நாகசுரக் கலைஞரின் வீட்டுப் பிள்ளை சீவாளியைக் கையில் பிடித்துக்கொண்டே வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி வியப்பைத் தராது.

எத்தல் ஸ்மித் என்ற பெண்மணியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவர்கள் எல்லோரிலும் என் மனத்தில் அதிகம் நின்றவர் அவரே. 1858-இல் பிறந்தவர். தந்தை இந்தியாவில் பணியாற்றிய பீரங்கிப் படைத் தளபதி. 1867 முதல் அந்தக் குடும்பம் ஃபிரிம்லியில் ஃபிரிம்ஹர்ஸ்ட் என்ற வீட்டில் வசித்தது. இசை படிக்க ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று மகள் கேட்டாள். தந்தை முடியாது என்றார். மகள் அறையைப் பூட்டிக்கொண்டாள். உணவு மேசைக்கு வரவில்லை, விருந்துக்கும் கோவிலுக்கும் வர மறுத்தாள். கடைசியில் தந்தை இறங்கி வந்தார். 1877-இல் எத்தல் லைப்சிக் நகருக்குப் போனார். மறுபடியும் அதே 1877. 1903-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் அவர் இயற்றிய இசை நாடகம் மேடையேறியது. ஒரு பெண் இயற்றிய இசை நாடகம் அந்த அரங்கில் ஒலித்தது அதுவே முதல் முறை. அடுத்த பெண்ணின் படைப்பு அங்கே ஒலிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராட்டத்தில் சேர்ந்து, அந்த இயக்கத்துக்கே நடைப்பாட்டு அமைத்துக் கொடுத்தார். 1912-இல் ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக லண்டன் ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே முற்றத்தில் சக கைதிகள் தம் பாட்டைப் பாடியபடி நடக்க, மேலே அறையின் சன்னல் வழியே பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்து அவர் தாளம் காட்டியதைப் பார்த்த நண்பர் பதிவு செய்திருக்கிறார். 1922-இல் அரசே அவருக்கு டேம் பட்டம் வழங்கியது. ஊரின் வரலாற்றில் இவ்வளவு தளபதிகளுக்கு நடுவே அந்தப் பிரஷ்தான் எனக்கு உயர்ந்து தெரிகிறது.

இனி ஃபிரிம்லிக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். கேம்பர்லி தோன்றியது ஃபிரிம்லித் திருச்சபை எல்லைக்குள் என்பதால் கேம்பர்லிக்காரர்கள் பலருக்கு இறுதி இடம் அங்கே அமைந்தது. பென்னிகுவிக்குக்கு முன்பே அங்கே அடக்கமான ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட். 1836-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்து, இளமையில் கலிபோர்னியாவுக்குப் போய், தங்கம் தேடி வந்த சுரங்கத் தொழிலாளிகளையும் சூதாடிகளையும் கதைகளாக எழுதி நாடு முழுவதும் பெயர் பெற்றவர். 1878-இல் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக ஜெர்மனிக்கும், பின்னர் கிளாஸ்கோவுக்கும் வந்தவர் பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1902 மே 5-இல் கேம்பர்லியில், தொண்டைப் புற்றுநோயால் காலமானார். கலிபோர்னியாவின் தங்க வயல்களை எழுதியவரும், மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பியவரும் ஒரே ஆலயத்தின் நிழலில் உறங்குகிறார்கள். லண்டன் என்று எழுதும்போது இந்த அண்டை வீட்டாரையெல்லாம் நாம் சேர்த்தே தொலைத்துவிடுகிறோம்.

பென்னிகுவிக் அவர்களின் வாழ்க்கை தங்கள் வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்ததே. தெரியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். ஆகவே பிறப்பால் நம் மண்ணின் பிள்ளை. 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் நடந்த போரில் அவருடைய தந்தையும், தந்தையின் உடலைக் காத்து நின்ற அண்ணனும் ஒரே நாளில் உயிரிழந்தார்கள். ஜானின் எட்டாவது பிறந்தநாளுக்கு அப்போது இரண்டு நாட்களே இருந்தன. அவர் சாண்ட்ஹர்ஸ்டில் படித்தவர் என்று சிலர் கருதுகிறார்கள், அது தவறு. கிழக்கிந்தியக் கம்பெனி அடிஸ்கோம்பில் நடத்திய ராணுவப் பள்ளியில் பொறியியல் கற்று, 1860-இல் இந்தியா வந்தார். பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் அவருக்கு முன்பே பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை அதற்காக ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கொண்டு 155 அடி உயர அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் அதைத் திறந்துவைத்தார். கேம்பிரிட்ஜ் கோமகன் தலைமைத் தளபதிப் பதவியை விட்டு விலகியதும் அதே ஆண்டுதான்.

அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப் வந்து, முல்லையாறாக இறங்கி, வைகையில் கலந்து, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஏறி எங்களிடம் வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். அதற்கு அப்பால் மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கர். எங்கள் ஊர் ஒருபோகத்தில், கடைமடைக்குப் பக்கம். புரட்டாசி வாக்கில் கால்வாயில் தண்ணீர் திறந்தால் எங்கள் கிளை வாய்க்காலுக்கு அது வந்து சேரச் சில நாட்களாகும். சிறுவர்களாக நாங்கள் வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்திருக்கிறோம். முதலில் சருகும் நுரையும் சுருண்டு வரும். வெடித்துக் கிடக்கும் மண் தண்ணீரை உறிஞ்சும்போது பொரிவதுபோல ஒரு சத்தம் கேட்கும். பிளவுகளிலிருந்து பூச்சிகள் மேலேறி ஓட, அவற்றைக் கொத்தக் கொக்குகள் தண்ணீருக்கு முன்னால் நடக்கும். என் அப்பத்தா மஞ்சள் கரைத்த நீரைத் தெளித்து, சூடம் ஏற்றி, "பென்னிக்கு துரைக்குப் புண்ணியம்" என்று கும்பிடுவார். அவருக்கு அந்தப் பெயரை முழுதாக உச்சரிக்கத் தெரியாது. எந்த ஊர்க்காரர் என்றும் தெரியாது. அவருக்குத் தெரியாமல் போனது நியாயம். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒரு நொடியில் தேடிப் பார்க்கக்கூடிய நமக்கு அந்த நியாயம் இல்லை.

அணைக்குப் பிறகு அவர் 1896 முதல் 1899 வரை, சர்ரேயிலேயே கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இந்தியாவுக்கான பொறியாளர்களைப் பயிற்றுவித்த கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பது எப்படி என்று 1899-இல் அறிக்கை எழுதினார். பிறகு கேம்பர்லியில் தங்கி, 1911 மார்ச் 9-இல் காலமானார். அவருடைய மகன், தந்தையின் பெயரையே தாங்கிய சர் ஜான் பென்னிகுவிக், இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் சான்சரி பிரிவில் நீதிபதியாகி அந்தப் பிரிவுக்குத் தலைவராகவும் உயர்ந்தார். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊர்களிலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறிய தமிழர்கள் அந்தக் கல்லறையைத் தேடிச் சென்று மாலை வைத்து வருகிறார்கள். அவர்களுக்கு ஊரின் பெயர் நன்றாகத் தெரியும்.

ஊர்ப்பெயரைத் திருத்தும்போதே இன்னொன்றையும் திருத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் இருந்த தம் சொத்தை விற்று அவர் அணையைக் கட்டினார் என்று நம் பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. பள்ளி விழாக்களிலும் அதைச் சொல்கிறார்கள். பெரியாறு திட்டம் சென்னை மாகாண அரசு பொதுப்பணித் துறை வழியாக அரசுப் பணத்தில் நிறைவேற்றிய வேலை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிலருக்கு வருத்தம் ஏற்படுகிறது. அந்த வருத்தம் நன்றியிலிருந்து வருவது என்பதால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் கைப்பணம் போடாததால் அவருடைய பெருமை ஒரு நூலிழையும் குறையாது. வெள்ளம் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போனபோது மறுபடியும் தொடங்கியதும், காய்ச்சலும் காட்டு விலங்குகளும் சூழ்ந்த மலையில் ஆண்டுக்கணக்கில் நின்றதும், முடியாது என்று 1808-இல் எழுதப்பட்டதை முடித்துக் காட்டியதும் அவர் செய்தவை. அந்த மலையில் நோயால் இறந்த கூலியாட்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் பிறந்த ஊர் எது, எந்தத் தெரு என்று சொல்ல ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை. முகவரி உள்ளவருடைய முகவரியையாவது நாம் சரியாக எழுத வேண்டாமா?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வரும் ஜனவரியில் பிறந்தநாள் செய்தியைத் தாங்கள் வெளியிடும்போது, சிலை இருப்பது கேம்பர்லியில் என்றும், கல்லறை இருப்பது ஃபிரிம்லி தூய பேதுரு ஆலயத்தில் என்றும், இரண்டும் சர்ரே மாவட்டம் என்றும் ஊர்ப்பெயரோடு எழுத வேண்டும். மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிடும் பக்கத்தில் ஒரு வாரம் அந்தச் சிறிய ஊரின் வரலாற்றையும், அங்கே வாழ்ந்து மறைந்தவர்களையும் படங்களோடு தர வேண்டும். தல்லாகுளம் பொதுப்பணித் துறை அலுவலக வளாகத்தில் பென்னிகுவிக் சிலை இருக்கிறது. அதைக் கடந்து போகும் பிள்ளைகள் நின்று படிக்கும்படி, பிறந்தது புனே, மறைந்தது கேம்பர்லி, அடக்கம் ஃபிரிம்லி என்ற மூன்று வரிகளைத் தமிழில் பொறித்து ஒரு கல்வெட்டு வைக்க உரிய துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகோள் விடுக்க வேண்டும். கல்வெட்டுக்கான செலவில் என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கை மனமுவந்து தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.